பாலக்காட்டுக் காற்றும் பனியன் கம்பெனிக் கரண்டும்

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



ஆடி பிறந்துவிட்டால் நம்ம பக்கத்திலே காற்று என்ன போடு போடுகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோளத்தட்டுப் போர் கலைந்து போகும், வாழை சாய்ந்து போகும், முருங்கை முறிந்து போகும். மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை என்று மதில் சுவர் மாதிரி நிற்கிறது. நடுவிலே பாலக்காட்டுப் பக்கம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு சந்து. அரபிக் கடலிலிருந்து கிளம்புகிற தென்மேற்குப் பருவக்காற்று மழையை எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக அந்தச் சந்து வழியே நெருக்கிக்கொண்டு வருகிறது. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பல்லடம், தாராபுரம் என்று நம்ம மேட்டாங்காடுகள் எல்லாம் அதன் வழியிலேதான் கிடக்கின்றன. வைகாசியிலே தொடங்கி புரட்டாசி வரைக்கும் இந்த ஓட்டம் இருக்கும்.

இது நம்ம பாட்டன் காலத்திலும் அடித்த காற்றுதான். அவர்கள் இதை வைத்துக் களத்திலே தூற்றினார்கள், அதோடு சரி. இன்றைக்கு அதே காட்டிலே, கேத்தனூரிலும் பூளவாடியிலும் நின்று திரும்பிப் பார்த்தால், கண்ணுக்கு எட்டின தூரம் காத்தாடியாக நிற்கிறது. தமிழ்நாட்டில் இப்போது காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேலே போய்விட்டது. இதெல்லாம் எப்போது வந்தது? 1990க்குப் பிறகுதான். காற்று மாறவில்லையே, பின்னே ஏன் அப்போது வந்தது? அதுவும் ஏன் மில்லுக்காரர் கைக்கும் பனியன் கம்பெனிக்காரர் கைக்கும் போய்ச் சேர்ந்தது, காட்டுக்குச் சொந்தக்காரர் கைக்கு ஏன் வரவில்லை? அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். காற்றைப் பற்றிய கதை என்று பேரே ஒழிய, முக்கால்வாசி வரியும் சட்டமும் கரண்டு பில்லும்தான்.

கொஞ்சம் பின்னாலே போக வேண்டும். 1932ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்தக் கரண்டு மலை இறங்கி வந்ததும் கோயமுத்தூரைச் சுற்றிப் பஞ்சாலைகள் மளமளவென்று எழுந்தன. 1937ல் மேட்டூர் கரண்டும் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கிணற்று மோட்டாருக்குக் கரண்டு கொடுப்பதிலே நம்ம மாநிலம் நாட்டுக்கே முன்னாலே நின்றது. கவலை இறைத்த மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால் கிணறும் கூடவே ஆழமாகிக்கொண்டே போயிற்று. 5 குதிரைச் சக்தி மோட்டார் போதாமல் 7½, 10 என்று ஏறியது. ஆக மில்லும் கிணறும் ஒரே கம்பியிலே தொங்கின. மழை பொய்த்து அணை வற்றினால் இரண்டு பேருக்கும் வெட்டு.

1970ல் அரசாங்கம் கரண்டுக் கட்டணத்தைப் பைசாக் கணக்கில் ஏற்றியது. பைசாதானே என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். நூறடிக் கிணற்றிலிருந்து ராவும் பகலும் இறைக்கிறவனுக்கு அது ஒரு வெள்ளாமையின் லாபம். அந்த வருஷம் ஜூன் மாதம் திருப்பூருக்கு வடக்கே பெருமாநல்லூரில் நடந்த போராட்டத்திலே போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் உயிர்விட்டார்கள். 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோயமுத்தூர் வீதிகளை மாட்டுவண்டிகள் அடைத்துக்கொண்டு நின்ற கதை பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கப்புறம் எந்தக் கட்சி கோட்டைக்கு வந்தாலும் பம்பு செட்டுக் கரண்டிலே கை வைக்கப் பயந்தார்கள். 1984ல் சிறு விவசாயிகளுக்கு இலவசம் என்றாயிற்று. 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம். 2003ல் ஒரு தடவை மறுபடியும் கட்டணம் போட்டுப் பார்த்தார்கள். 2004 பாராளுமன்றத் தேர்தல் முடிந்த கையோடு அதை எடுத்துவிட்டார்கள்.

இலவசம் என்றால் செலவில்லை என்று அர்த்தமில்லை. அந்தச் செலவை யாரோ கட்டுகிறார்கள். ஒரு பங்கு அரசாங்க மானியம். இன்னொரு பங்கு, மில்லும் கம்பெனியும் யூனிட்டுக்குக் கொடுக்கிற கூடுதல் விலை. நான் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. விளைபொருளுக்குக் கட்டுப்படியான விலை கொடுத்திருந்தால் இலவசக் கரண்டு கேட்டு யாரும் வண்டி பூட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் கணக்கு இதுதான்: நம்ம மோட்டார் ஓடுவதற்காக மில்லுக்காரர் பில்லு ஏறியது. பில்லு ஏறினதாலே, அந்தப் பில்லிலிருந்து தப்பிக்க அவர் வழி தேடினார். அப்போதுதான் அவர் கண்ணில் காத்தாடி பட்டது.

காத்தாடி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1973ல் அரபு நாடுகள் பெட்ரோல் விலையை ஏற்றினவுடன் உலகமே ஆடிப் போயிற்று. டென்மார்க் என்று ஐரோப்பாவிலே ஒரு சின்ன நாடு. பால்மாட்டுக்கும் வெண்ணெய்க்கும் பேர் போனது. கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்த நாடு அது. அங்கே இருந்த பட்டறைக்காரர்கள், விவசாயக் கருவி செய்கிறவர்கள், காத்தாடி செய்து கரண்டு எடுக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாகாணம் 1980களின் தொடக்கத்தில் காத்தாடிக்குப் பெரிய வரிச்சலுகை கொடுத்தது. டென்மார்க் இயந்திரம் கப்பல் கப்பலாக அங்கே போயிற்று. 1980களின் நடுவிலே அந்தச் சலுகை முடிந்தது, வியாபாரமும் படுத்தது. டென்மார்க்கின் பெரிய கம்பெனியான வெஸ்டாஸே 1986ல் திவாலாகி மீண்டும் எழுந்தது. சரக்கு இருக்கிறது, வாங்க ஆளில்லை. அப்போது அவர்கள் புதுச் சந்தை தேடினார்கள். இந்தியாவும் கண்ணில் பட்டது.

நம்ம நாட்டிலும் சும்மா இருக்கவில்லை. 1982ல் மத்திய அரசு இதற்கென்று தனி இலாகா தொடங்கியது. எந்த ஊரில் எத்தனை வேகத்தில் காற்று அடிக்கிறது என்று கம்பம் நட்டு அளந்தார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் அன்னா மாணி என்கிற வானிலை விஞ்ஞானி. இடுக்கிப் பக்கம் பீர்மேட்டில் பிறந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் இந்தக் காற்றுக் கணக்கெடுப்பிலே இறங்கினார். அவர் சேர்த்துக் கொடுத்த புள்ளிவிவரம் இல்லாமல் போயிருந்தால், எந்த மேட்டில் நடுவது, எந்த மேட்டில் நட்டால் நஷ்டம் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. நம்ம மின்வாரியம் 1986ல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் மாதிரிக் காற்றாலை வைத்தது. பிறகு கயத்தாறு, முப்பந்தல், நம்ம கேத்தனூர் என்று வைத்தார்கள். டென்மார்க் அரசின் உதவியும் கயத்தாற்றுக்கு வந்தது. அப்போதைய காத்தாடிகள் சின்னவை. 55 கிலோவாட்டெல்லாம் உண்டு. இன்றைக்கு ஒன்றே 2,000, 3,000 கிலோவாட்டு.

மாதிரி வைத்தாயிற்று. அதற்காக மில்லுக்காரர்கள் ஓடி வந்து வாங்கிவிட்டார்களா? இல்லை. அவர்களை ஓடி வரச் செய்தது வேறு ஒரு சமாச்சாரம். அதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

வருமான வரிச் சட்டத்திலே தேய்மானம் என்று ஒன்று உண்டு. கம்பெனி ஒரு இயந்திரம் வாங்கினால் வருஷா வருஷம் அது தேய்கிறது என்று ஒரு தொகையை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். மீதி லாபத்துக்குத்தான் வரி. மற்ற இயந்திரத்துக்கு இது கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருஷத்துக்குக் கழியும். காத்தாடிக்கோ 100 சதவீதமும் முதல் வருஷத்திலேயே கழித்துக்கொள்ளலாம் என்று 1990களில் விட்டுவிட்டார்கள். ஒரு மில்லுக்கு அந்த வருஷம் ஒரு கோடி லாபம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கம்பெனி வரி ரூபாய்க்கு 50 காசை ஒட்டி இருந்தது. சும்மா இருந்தால் அரை கோடி வரி கட்ட வேண்டும். காலத்தோடு ஒரு கோடிக்குக் காத்தாடி வாங்கி நட்டுவிட்டால் அந்த வருஷக் கணக்கில் லாபமே இல்லை, வரியும் இல்லை. பிற்பாடு அந்தக் காத்தாடி சம்பாதிக்கிற பணத்துக்கு வரி உண்டுதான். ஆனால் அரை கோடி இன்றைக்கே கையில் நிற்கிறதே! அது போக, பாங்குக் கடனும் கிடைத்தது. கடைசியிலே காத்தாடி விலையில் பெரும்பகுதியை மில்லுக்காரர் கையிலிருந்து போடவே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

இந்தச் சலுகையினாலேதான் மார்ச் மாதக் கடைசியிலே ராத்திரி பகலாகக் காத்தாடி நட்டார்கள். சில இடத்திலே காற்று எப்படி இருக்கும் என்றுகூடச் சரியாகப் பார்க்கவில்லை. சும்மா நின்றாலும் வரி மிச்சம்தானே! அதனாலே அந்தக் காலத்திலே நட்டதில் கொஞ்சம் சரியாக ஓடாமல் நின்று போனதும் உண்டு.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். "ஏனுங்க, அந்தச் சலுகையை எங்களுக்கும் கொடுத்தால் என்னங்க?" என்று ஒருத்தர் கேட்கலாம். சட்டத்திலே விவசாயிக்குக் கிடையாது என்று எங்கேயும் எழுதவில்லை. ஆனால் விவசாய வருமானத்துக்கு வருமான வரியே இல்லை. வரி கட்டுகிறவனுக்குத்தானே வரிச்சலுகை? காலணா வரி கட்டாதவனுக்கு 100 சதவீதம் கழிவு என்றால் என்ன, 200 சதவீதம் என்றால் என்ன? அது மட்டுமில்லை. காத்தாடி வைத்தால் கரண்டு பில்லு மிச்சமாகும் என்பது மில்லுக்காரரின் இரண்டாவது லாபம். நமக்குத்தான் பில்லே இல்லையே, அதில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? ஆக, நாம் போராடி வாங்கின இரண்டு நன்மைகளும், வரி இல்லாததும் பில்லு இல்லாததும், காத்தாடி விஷயத்தில் நம்மை வெளியே நிறுத்திவிட்டன. யாரும் திட்டம் போட்டு விவசாயியை ஒதுக்கினார்கள் என்று நான் நினைக்கவில்லை. லாபம் கொழுத்து வரிக்குப் பயந்தவனைக் குறிவைத்து எழுதின சட்டம், அவன் வீட்டு வாசலுக்கே போயிற்று, அவ்வளவுதான்.

அந்த டென்மார்க்கிலேயே என்ன நடந்தது பாருங்கள். அங்கே அரசாங்கம் ஊர்க்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து காத்தாடி வாங்குவதற்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது. பத்து வீடு, ஐம்பது வீடு சேர்ந்து பங்கு போட்டு, நம்ம பால் சொசைட்டி மாதிரி நடத்தினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அங்கே காத்தாடியில் பங்கு வைத்திருந்தன. இயந்திரம் ஒன்றுதான், அங்கே பால்காரனுக்குச் சொந்தமாயிற்று, இங்கே ஆலைக்காரருக்குச் சொந்தமாயிற்று.

நமக்கு வந்தது நிலத்து விலை. வானம் பார்த்த காடு, சோளமும் கொள்ளும் விதைத்து வருஷத்தில் ஒரு தடவை பார்க்கிற காடு. தரகர் வந்து கேட்டதும் நல்ல விலை என்று கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் பல பேர். மகள் கல்யாணமோ, கிணறு வெட்டின கடனோ, ஏதோ ஒன்று இருந்தது. காத்தாடிக்கு உண்மையில் தேவைப்படுவது அடித்தளமும் வண்டிப் பாதையும்தான். மீதிக் காட்டில் மாடு மேயலாம், உழலாம். விற்றவரே திரும்பக் குத்தகைக்கு உழுத இடங்களும் உண்டு. ஒரே தடவை கிரயமாக விற்றவருக்கு அந்தப் பணத்தோடு கதை முடிந்தது. அதே மேட்டிலே இருபது வருஷம் காற்று சம்பாதித்தது.

நடுவிலே ஒன்று. "இந்தக் காத்தாடி வந்த பிற்பாடுதான் மழை போச்சு" என்று டீக்கடையில் பேசிக்கொள்வதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை. மழை மேகம் நிற்கிற உயரம் வேறு, இறக்கை சுற்றுகிற உயரம் வேறு. நம்ம பக்கம் மலையின் மழைமறைவில் கிடக்கிறது; காத்தாடி வருவதற்கு ஆயிரம் வருஷம் முன்பும் தென்மேற்குப் பருவத்திலே நமக்குக் காற்றுத்தான் நிறைய, மழை கொஞ்சம்தான். குறை சொல்ல வேண்டியது வேறு இடத்தில் நிறைய இருக்கிறது. காத்தாடி மேல் இந்தப் பழியைப் போட வேண்டாம்.

சலுகையை நம்பி வளர்ந்த பயிர், சலுகை வாடினால் தானும் வாடும். தமிழ்நாட்டில் 1995-96ல் ஒரே வருஷத்தில் 280 மெகாவாட்டை ஒட்டிக் காத்தாடி வைத்தார்கள். அதற்கடுத்து மத்திய அரசு கம்பெனி வரி விகிதத்தைக் குறைத்தது. லாபம் காட்டுகிற கம்பெனி எவ்வளவு கழிவு இருந்தாலும் குறைந்தபட்ச வரி கட்டித்தான் ஆக வேண்டும் என்றும் கொண்டுவந்தது. 1998-99ல் வைத்தது 20 மெகாவாட்டுக்கும் கீழே! பிறகு நிலைமை தேறியது. அப்புறம் தேய்மானக் கழிவு 80 சதவீதமாக நின்றது. 2011-12ல் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேலே வைத்தார்கள். 2012 ஏப்ரலில் அந்தச் சிறப்புக் கழிவை எடுத்தார்கள். அடுத்த வருஷம் வைத்தது 200க்கும் கீழே. 2014ல் திருப்பிக் கொடுத்தார்கள், 2017ல் 40 ஆகக் குறைத்தார்கள். இத்தனைக்கும் பாலக்காட்டுச் சந்து திறந்தபடியேதான் இருந்தது. காத்தாடி சுற்றுவது காற்றிலே. முளைப்பது டில்லி பட்ஜெட்டிலே.

டில்லி பாதி, கோட்டை மீதி. பூளவாடிக் காட்டிலே பிறக்கிற கரண்டு திருப்பூர்க் கம்பெனிக்கு எப்படிப் போகும்? தனியாகக் கம்பி இழுக்க முடியாது. வாரியத்தின் கம்பியில்தான் போக வேண்டும். அதற்கு வாரியம் ஒரு சுங்கம் வாங்கிக்கொண்டு சம்மதித்தது. இன்னொன்று, ஆடியிலே கரண்டு கொட்டும், தையிலே ஒன்றும் இருக்காது. கம்பெனியோ வருஷம் பூராவும் ஓடுகிறது. அதனாலே ஆடியில் உபரியாக வந்த யூனிட்டை வாரியத்திடம் கணக்கில் வைத்து, அந்த வருஷத்துக்குள் மற்ற மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இதற்குப் பாங்கிங் என்றே பேர். இந்த இரண்டு ஏற்பாடும் இல்லாவிட்டால் வரிச்சலுகை எவ்வளவு இருந்தும் நம்ம பக்கத்தில் இவ்வளவு காத்தாடி வந்திருக்காது.

இதில் வாரியத்தின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். குதிரில் கம்பைக் கொட்டி வைக்கிற மாதிரி கரண்டைக் கொட்டி வைக்க முடியாது. பிறந்த நொடியிலேயே செலவாக வேண்டும். ஆடியில் எல்லாக் காத்தாடியும் ஒன்றாகச் சுற்றும்போது வாரியம் தன் அனல் நிலையத்தைத் தணித்துக்கொண்டு இதை வாங்குகிறது. மாசி பங்குனியில் மில்லுக்காரர் "என் யூனிட்டைக் கொடு" என்றால், அன்றைய விலைக்குக் கரண்டு வாங்கியோ நிலக்கரி எரித்தோ கொடுக்க வேண்டும். அதற்கு மேலே, நல்ல விலை கொடுத்துக்கொண்டிருந்த மில்லுக்காரர் சொந்தக் கரண்டுக்குப் போய்விட்டால், நம்ம இலவசத்தைத் தாங்கின தூணில் ஒன்று சாய்கிறது. அதனால்தான் வாரியம் சுங்கத்தையும் பாங்கிங் கட்டணத்தையும் ஏற்றிக்கொண்டே வந்தது. மில்லுக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருவருக்கும் நடுவில் நிற்பது நம்ம பம்பு செட்டு என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

திருப்பூரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1978லிருந்து அந்த ஊர் இத்தாலிக்கு நேராகப் பனியன் அனுப்பத் தொடங்கி வளர்ந்தது. 2004 கடைசியில் உலக நாடுகள் துணி இறக்குமதிக்கு வைத்திருந்த கோட்டா ஒழிந்தது. இனி எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று கடன் வாங்கி மெஷின் போட்டார்கள். 2008லிருந்து கடும் மின்வெட்டு. 2012ல் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கும் மேலே கரண்டு இல்லாத ஊர்கள் உண்டு. டீசல் ஜெனரேட்டர் வைத்துத் தைத்தால் கூலிக்கே கட்டாது. அந்தச் சமயத்தில் 2003 மின்சாரச் சட்டம் ஒரு வழி விட்டிருந்தது: பல கம்பெனிகள் சேர்ந்து பங்கு போட்டுக் காத்தாடி வைத்து, தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம். பெரிய இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு அது கை கொடுத்தது. வீட்டோடு பத்துத் தையல் மெஷின் போட்டு வேலை எடுத்துச் செய்கிறவர்களுக்கு அது எட்டாக் கனியாகவே இருந்தது.

நொய்யல் கரைக்காரர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சாயத்தண்ணீர் வந்து ஒரத்துப்பாளையம் அணையே கெட்டு, கீழே கிணறுகளும் காடுகளும் வீணானதை எதிர்த்து விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்தம் செய்தால்தான் திறக்கலாம் என்றாயிற்று. அந்தத் தண்ணீரை வடிகட்டி, காய்ச்சி, உப்பைப் பிரிக்கிற வேலைக்குக் கரண்டும் ஆவியும் ஏராளமாகச் செலவாகும். ஆக, நொய்யல் விவசாயி வாங்கின தீர்ப்பும் சாயப்பட்டறைக்காரருக்கு மலிவான கரண்டு தேடிப் போக ஒரு காரணமாயிற்று. இப்போது பனியன் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகள், எந்தக் கரண்டில் நெய்தது, எவ்வளவு புகை என்று கணக்குக் கேட்கிறார்கள். காத்தாடிக் கரண்டு என்றால் ஆர்டருக்கும் மதிப்பு.

2017ல் ஆட்டமே மாறியது. அதுவரை காத்தாடிக் கரண்டுக்கு ஒழுங்குமுறை ஆணையம் விலை வைக்கும். தமிழ்நாட்டில் அது யூனிட் 4 ரூபாய் 16 காசாக இருந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் மத்திய அரசு நிறுவனம் ஏலம் விட்டது. யார் குறைத்துக் கேட்கிறார்களோ அவர்களுக்கு. 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது. ஏலத்திலே நூற்றுக்கணக்கான மெகாவாட்டு வைக்கிற பெரிய கம்பெனிதான் நிற்க முடியும். ஒன்றிரண்டு காத்தாடி வைத்து வாரியத்துக்கு விற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். நீண்ட காலம் காற்றில் முதலிடத்தில் இருந்த நம்ம மாநிலத்தைக் குஜராத் முந்திக்கொண்டது. குஜராத் என்றதும் இதையும் சொல்லலாம்: இந்தியாவின் பெரிய காத்தாடிக் கம்பெனியான சுஸ்லானைத் தொடங்கிய துளசி தந்தி அந்த ஊர்க்காரர், துணி ஆலை நடத்தி, கரண்டு பில்லு தாங்காமல் இரண்டு காத்தாடி வாங்கப் போய், 1995ல் காத்தாடிக் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார்.

காத்தாடி இருந்தும் கம்பி இல்லாவிட்டால் பயனில்லை. சில வருஷங்களில் நல்ல காற்று நேரத்திலேயே "நிறுத்து" என்று காத்தாடிகளை நிறுத்தச் சொன்னார்கள். கரண்டைத் தூக்கிப் போகப் போதுமான லைன் இல்லை. அதற்காக ராசிபாளையம், ஆனைக்கடவு என்று 400 கிலோவோல்ட்டுத் துணைநிலையங்கள் வந்தன. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 800 கிலோவோல்ட்டு லைன் வந்தது; அங்கிருந்து நிலக்கரிக் கரண்டு வரவும், இங்கே காற்று மிஞ்சினால் வடக்கே போகவும் இரண்டு பக்கமும் ஓடுகிற லைன். கோபுரங்கள் நின்றது யார் காட்டில்? நம்ம காட்டில்தான். 2018ல் கொங்கு மாவட்டங்களில் விவசாயிகள் இதற்காக உண்ணாவிரதம் இருந்தார்கள். 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை வைத்துக்கொண்டு, நிலத்தை எடுக்காமலே கோபுரம் நடலாம் என்கிறார்கள், அதுதான் தகராறு. 2015ல் மத்திய அரசு, கோபுரம் நிற்கிற இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், கம்பி போகிற தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் நஷ்டஈடு என்று வழிகாட்டியது. 2024 ஜூனில் அதைத் திருத்திக் கோபுர இடத்துக்கு 200 சதவீதம், தடத்துக்கு 30 சதவீதம் என்று வைத்தார்கள். இது வழிகாட்டுதல்தான், மாநிலம் எந்த அளவுக்கு ஏற்கிறது, எந்த மதிப்பை நில மதிப்பு என்று எடுக்கிறது என்பதைக் கலெக்டர் ஆபீஸில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

விவசாயிக்கு, ஊருக்கு, வழியே இல்லையா என்றால், ஒரு ஊர் செய்து காட்டியிருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி. அவர்கள் ஊரில் காற்று இல்லை. அதனால் நம்ம உடுமலைப் பக்கம் மைவாடியில் 2006ல் 350 கிலோவாட்டுக் காத்தாடி ஒன்றை ஊராட்சியின் பேரிலேயே வாங்கினார்கள். விலை 1 கோடியே 55 லட்சம். ஊராட்சி சேர்த்து வைத்த பணம் கொஞ்சம், பெரும்பகுதி பாங்குக் கடன். தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் வருகிற பில்லு அதிலே கழிந்தது, மிச்சக் கரண்டை வாரியத்துக்கு விற்றுக் கடனையும் அடைத்தார்கள். கவனித்தீர்களா? ஊராட்சிக்கு வருமான வரிக் கவலை இல்லை. ஆனால் மாதா மாதம் கட்டுகிற கரண்டு பில்லு இருந்தது. அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது. காற்றடிக்கிற மைவாடியைச் சுற்றியுள்ள ஊர்களுக்குத் தோன்றாதது, காற்றில்லாத ஊருக்குத் தோன்றியது.

இப்போது இதை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறேன் என்றால், இன்னொரு சுற்று வருகிறது. 1990களில் நட்ட 225, 250 கிலோவாட்டுக் காத்தாடிகள் நிற்பதுதான் நம்ம பக்கத்திலேயே நல்ல காற்றுள்ள மேடுகள். அவற்றின் ஆயுள் 20, 25 வருஷம்; முடிந்துவிட்டது. பழசைப் பிடுங்கிவிட்டுப் பெரிய காத்தாடி வைப்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 2024 ஆகஸ்டில் ஒரு கொள்கை வெளியிட்டது. பழைய காத்தாடி பத்து இருந்த இடத்தில் புதிது ஒன்றிரண்டு வந்தால் போதும். ஆனால் அதன் இறக்கை நீளம். பக்கத்துக் காட்டின் மேலே வீசும். அதைக் கொண்டுவர அகலமான பாதை வேண்டும், வளைவில் உங்கள் வேலியை எடுக்கச் சொல்வார்கள். புது லைன் வேண்டும். அதாவது, மறுபடியும் உங்கள் வீட்டுத் திண்ணைக்குத் தரகர் வருவார்.

வந்தால் இந்த முறை கிரயம் என்ற பேச்சை முதலில் எடுக்க வேண்டாம். வருஷ வாடகை கேளுங்கள். அந்த வாடகை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எவ்வளவு ஏறும் என்பதையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எத்தனை சென்ட் இடம், பாதை எத்தனை அடி, இறக்கை வீசுகிற இடத்துக்கு என்ன பணம், வேலை நடக்கும்போது பயிர் சேதமானால் யார் கொடுப்பது, ஆயுள் முடிந்தபின் அடித்தளக் கான்கிரீட்டைத் தோண்டி எடுப்பது யார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கம்பெனி வேறு கைக்கு மாறினாலும் பத்திரம் செல்லும் என்கிற வரி இருக்க வேண்டும். பாதைக்கு வாய்மொழியாகச் சம்மதம் கொடுத்துவிட்டு, பிற்பாடு அது வண்டித்தடம் என்று ரிக்கார்டில் ஏறிப்போன கதைகள் உண்டு. பத்திரத்தை ரிஜிஸ்டர் ஆபீஸில் பதிந்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரும் நீங்களும் தனித்தனியாகப் பேசாமல் ஒரே நாளில், ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசினால் தரகர் சொல்கிற விலை ஒன்றாகத்தான் இருக்கும்.